தூசி இல்லாத அறை

வீட்டில் பலகைத் தடுப்பு அடித்துக்கொண்டிருந்த போர்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்துவிட்ட செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. போனில் பேசியது அவரேதான்.

"மாஸ்டர், ஆஸ்பத்திரியில இருக்கேன். வேற எடத்துல வேலை பாக்கும்போது ஏணி சறுக்கிடுச்சு. கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு. நாளைக்கு வர முடியாது, மன்னிச்சுக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, மொதல்ல ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் போனை வைத்தார். பிறகு கூடத்தின் நடுவே நின்று, அரைகுறையாக நின்றிருந்த அறையைப் பார்த்தார்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. பேக்கரியில் கேக் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக க்ரீம் பூசி, பூ வைத்து, யார் யாருடைய பேரையோ எழுதிக்கொண்டிருக்கிறவர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தது அவர் மனைவி. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு. "ஒரே வீட்டுல மாஸ்டரும் இருக்காரு, டீச்சரும் இருக்காங்க, ஆனா ஒரு புள்ளைக்கும் டியூஷன் கெடையாது" என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பது வழக்கம். அந்தச் சிரிப்பு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன.

அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஊசி குத்திக் குத்திக் கையின் நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. கடைசியில் கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி வைத்தார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறி இரண்டு தடவை குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது தடவை வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவது. ஒரு நாளைக்கு நாலு தடவை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். குழாயை வைத்து, புண்ணும் ஆறிவிட்டது. எப்படிச் செய்வதென்று ஆஸ்பத்திரியில் பயிற்சி தருவார்கள். அதற்கு முன் நர்ஸ் வந்து வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

"கதவு சாத்துற மாதிரி தனி ரூம் வேணும் சார்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். "சுவத்துல சந்து, வெடிப்பு இருக்கக்கூடாது. எதுவும் உதிரக்கூடாது. ஈரத்துணி போட்டுத் தொடைக்கிற பெயிண்ட் அடிச்சிருக்கணும். குழாய மாட்டுற நேரத்துல ஒரு பொட்டுத் தூசி விழுந்தாக்கூட வயித்துக்குள்ள சீழ் புடிச்சுடும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். இத விட்டா அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான்."

அவர்கள் இருந்தது இரண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. தனி அறை என்று எதுவும் கிடையாது. செங்கல் வைத்துத் தடுத்தால் தளம் தாங்காது என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். அதனால்தான் ஜிப்சம் பலகை. போர்டுக்காரர் இரண்டே நாளில் கூடத்தின் ஜன்னலோரத்தில் இரும்புச் சட்டம் அடித்து, பலகைகளைத் திருகி, கதவும் மாட்டிவிட்டார். பழைய கூரையில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று அறைக்கு மேலேயும் பலகை வைத்தார். பாக்கியிருந்தது இணைப்பு வேலை. பலகைக்குப் பலகை விரல் நுழையாத, ஆனால் கரப்பான்பூச்சி தாராளமாக நுழைகிற இடைவெளிகள். சுவர் முழுக்கத் திருகாணித் தலைகள்.

டீச்சர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கால்ல மாவுக்கட்டு, நமக்குச் சுவத்துல மாவுக்கட்டு" என்றார். "யாருது மொதல்ல காயுதுன்னு பாப்போம்."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது முடியலைன்னா, நான் இனிமே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்க. மெஷின்ல படுக்கவும் மாட்டேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"கணக்கு டீச்சர் பைத்தியம் மாதிரி பேசமாட்டா. கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். மூணு மாசம்னா முப்பத்தொம்போது தடவை. இந்தக் கழுத்து அவ்வளவு தாங்காது. எனக்கும் தெம்பு இல்ல."

டீச்சர் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பார். அழுதிருந்தாலும் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார். கரும்பலகையில் விடையை எழுதிக் கீழே கோடு போடுவது மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டதுதான் அவரைக் கலக்கியது.

திங்கட்கிழமை காலையில் ஒன்பது பேருக்குப் போன் போட்டார். ஐந்து பேர் அடுத்த வாரம் என்றார்கள். மூன்று பேர் எடுக்கவே இல்லை. ஒருவர், "வெறும் ஜாயிண்ட் அடைக்கிறதுக்கெல்லாம் ஆள் அனுப்புறதில்ல, முழு வேலைன்னா சொல்லுங்க" என்று கை விரித்தார். பத்தாவதாக மறுபடியும் போர்டுக்காரருக்கே அடித்தார்.

"என்ன பண்ணணும்னு சொல்லுங்க. நானே பண்ணிடறேன்."

"நீங்களா?" போர்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "பலகைங்க சேர்ற எடத்துல காகித டேப் ஒட்டணும். மேல காம்பவுண்ட்னு ஒரு வெள்ளை மாவு விக்குது, அதப் பூசணும். தடவத் தெரியும்ல?"

"இருபத்திரண்டு வருஷமா தடவறதுதாங்க என் பொழப்பு."

அதற்குள் அந்தப் பக்கம் டாக்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது. "அப்புறம் பேசறேன்" என்று போன் அணைந்தது.

கடைக்குப் போய் ஒரு வாளி காம்பவுண்ட், நாலு சுருள் டேப், உப்புத்தாள் எல்லாம் வாங்கிவந்தார். பட்டி பார்க்கும் தகடு எதற்கு, பேக்கரியில் க்ரீம் பூசும் கத்தி இருக்கிறதே என்று அதையே கழுவி எடுத்துக்கொண்டார். வாளியைத் திறந்தபோது பாதிக் கவலை போய்விட்டது. வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, அடித்து வைத்த க்ரீம் மாதிரியே இருந்தது.

பலகையில் அங்கங்கே பொட்டுப் பொட்டாகக் காம்பவுண்டை வைத்து டேப்பை ஒட்டினார். அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குப் பூசி, ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை வழித்தார். கை தானாக ஓடியது. சாயங்காலத்துக்குள் இரண்டு சுவரும் முடிந்துவிட்டன. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "மேல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சா வெட்டிடலாம்."

அன்று டீச்சர் அரை இட்லி அளவுகூடச் சாப்பிடவில்லை. ஆனாலும் மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் செவ்வாய். டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்தபோது மணி மூன்று. கதவைத் திறந்து அறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூசிய இடமெல்லாம் வெடித்திருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் நடுவில் நீளமாக ஒரு விரிசல், அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளை. டேப் அங்கங்கே கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் தட்டினால் டொப்பு டொப்பு என்று காற்றுச் சத்தம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பாம்பு சட்டையை உரித்த மாதிரி முழு நீளத்துக்கும் கையோடு வந்துவிட்டது. உள்ளே காம்பவுண்ட் இன்னும் சேறாகத்தான் இருந்தது.

போர்டுக்காரர் உடனே போனை எடுத்தார்.

"எவ்வளவு கனம் வச்சீங்க மாஸ்டர்?"

"ஒரு விரல்."

போர்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

"ஒரு அட்டைக் கனம் வச்சாலே ஜாஸ்தி. டேப்புக்கு அடியில மாவு வச்சீங்களா?"

"பொட்டு வச்சேன்."

"பொட்டு வச்சுப் பூவும் வச்சீங்களா? ஐயோ மாஸ்டர்! கேக்கு ஒரு மணி நேரம் நின்னாப் போதும், வெட்டித் தின்னுடுவாங்க. இது சுவரு. காயணும், காயும்போது சுருங்கும். கனமா வச்சா வெளிய காஞ்சு உள்ள ஈரம் நிக்கும், வெடிக்கத்தான் செய்யும். எல்லாத்தையும் உரிச்சுப் போடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் சொல்லச் சொல்ல மாஸ்டர் பழைய கேக் அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். முதலில் இடைவெளியை நிரப்ப வேண்டும். பிறகு டேப்புக்கு அடியில் முழுக்க ஒரு மெல்லிய படுக்கை. டேப்பை லேசாக நனைத்து அதன்மேல் வைத்து, தகட்டைச் சாய்த்துப் பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி வழித்தால் காற்றும் மிச்ச மாவும் வெளியே வந்துவிடும். அது காய்ந்தபின் அடுத்த பூச்சு, முன்னதைவிட அகலமாக. ஓரத்தை ஒன்றுமில்லாமல் கரைத்துவிட வேண்டும். நிறம் சாம்பலாக இருந்தால் ஈரம். வெள்ளையானால்தான் அடுத்ததைத் தொடலாம். மூலைகளுக்கு டேப்பை நீளவாக்கில் இரண்டாக மடித்து வைக்க வேண்டும்.

"அந்த க்ரீம் கத்தியத் தூரப் போட்டுட்டு நல்ல பட்டித் தகடா ரெண்டு வாங்குங்க" என்று முடித்தார் போர்டுக்காரர். "நானே வந்திருக்க வேண்டியது. படுத்துக்கிட்டு வாயால வேலை செய்யறேன்."

புதன்கிழமை பொழுது விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் ஜன்னலைச் சாத்தி, வீட்டிலிருந்த இரண்டு மேஜைக் காற்றாடிகளையும் அறைக்குள் வைத்து, வேலையைத் தொடங்கினார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. டேப்பை நனைத்தார், வைத்தார், வழித்தார். மாவு இருபுறமும் மெல்லிய கோடாகப் பிதுங்கியபோது, இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று கொஞ்சம் தைரியம் வந்தது. மத்தியானத்துக்குள் சுவர் இணைப்புகள் எல்லாவற்றிலும் டேப் ஏறிவிட்டது.

கூரையோரம்தான் கழுத்தறுத்தது. முக்காலி மேல் நின்று, தலையை முதுகோடு மடக்கி, கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மடித்த டேப் ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் உரிந்தது. இரண்டு தடவை முழு நீளமும் தலைமேல் விழுந்தது. ஒரு தடவை தகடு வழுக்கிக் குறுக்கே கிழித்துவிட்டது. மூன்று ஓரங்களை எப்படியோ முடித்தார். நாலாவது, கட்டில் வரப்போகிற பக்கம். அதற்குள் தோள்பட்டை மரத்துப்போய்விட்டது. டேப்பும் ஒரு முழம்தான் மிச்சம். கொட்டுகிற மழையில் மறுபடியும் கடைக்கு ஓட வேண்டும். அங்கே டேப் இல்லாமல் வெறும் காம்பவுண்டை அடைத்து வழித்துவிட்டார். மேலே யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள்?

"கூரையோரமும் ஆயிடுச்சா?" என்று டீச்சர் கூடத்திலிருந்து கேட்டார்.

"ஆயிடுச்சு" என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் ஆறு மணிக்கும் டேப் போட்ட இடங்களில் சாம்பல் நிறம் போகவில்லை. காற்றாடிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. தொட்டுப் பார்ப்பதும், வெளியே வருவதும், மறுபடி தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். ஏழரைக்கு ஓரளவு வெள்ளையானதும் இரண்டாவது பூச்சைப் போட்டார். மூன்றாவதற்கு நேரம் இல்லை.

வியாழக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி நாள். "நீங்க வர வேணாம்" என்றார் டீச்சர். "நான் வாடகை வண்டியில போயிட்டு வந்துடறேன். நீங்க இதை முடிங்க."

"உன்னத் தனியா விட்டதே இல்ல நான்."

"இன்னிக்கு விடுங்க."

வண்டி திருப்பத்தில் மறையும்வரை படியில் நின்றிருந்துவிட்டு மாஸ்டர் மேலே வந்தார். இரண்டாவது பூச்சு நன்றாகவே காய்ந்திருந்தது. ஆனால் தகடு நின்ற இடமெல்லாம் வரப்பு வரப்பாக இருந்தது. உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் தேய்ந்தது. வேகமாகத் தேய்த்தார். மணியைப் பார்த்தார், இன்னும் வேகமாகத் தேய்த்தார். காற்றாடிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அறைக் கதவு திறந்திருந்தது. அவர் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு வாசலில் இருமல் சத்தம் கேட்டது. மாஸ்டர் திரும்பினார். அப்போதுதான் வீட்டைப் பார்த்தார். கூடம், கட்டில், தலையணை, டீச்சர் தினமும் விழுங்குகிற மாத்திரைத் தட்டு, சமையலறையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், எல்லாவற்றின் மேலும் மாவு மாதிரி ஒரு படலம். காற்றில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கழுத்துக் குழாயின் மேல் போட்ட கட்டுத்துணியை மூடிக்கொண்டு நின்றார்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?"

"குழாய்ல ரத்தம் வரல. ரெண்டு மணி நேரத்தோட நிறுத்திட்டாங்க." இருமல் விட்டதும் டீச்சர் சுற்றிலும் பார்த்தார். "தூசி இல்லாத ரூம் கட்டுறதுக்கு வீடு முழுக்கத் தூசியா?"

"தொடச்சிடறேன். ஒரு மணி நேரம்…"

"போதுங்க."

"என்ன போதும்?"

"எல்லாம் போதும். நர்சுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க."

மாஸ்டருக்கு அப்போது என்ன வந்ததோ, கையிலிருந்த கட்டையைச் சுவரில் ஓங்கி எறிந்தார். பலகையில் ஒரு குழி விழுந்தது. "சொல்லு! இன்னும் சொல்லு! நாலு நாளா நான் இதுல செத்துக்கிட்டிருக்கேன். சாண் ஏறினா முழம் சறுக்குது. நீ பாட்டுக்குப் போதும் போதும்னா, நான் யாருக்குடி இந்தச் சுவத்தக் கட்டுறேன்? நீ போயிட்டா இந்த ரூம்ல நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அப்படியே தரையில், அந்த வெள்ளைத் தூளிலேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது டீச்சர் பார்த்ததில்லை. இந்த இரண்டு வருஷத்திலும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதிருந்தார்.

டீச்சர் படிக்கட்டுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து, போர்டுக்காரரைக் கூப்பிட்டார். "தூசி பறக்காமத் தேய்க்க வழி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு வைத்தார்.

"எழுந்திரிங்க. காத்தாடிய நிறுத்திட்டு, ஜன்னலத் தொறங்க. மொதல்ல வீட்ட ஈரத்துணியால தொடைங்க. அப்புறம் சுவத்துக்கு உப்புத்தாள் வேணாமாம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, வட்டமாத் தேய்க்கணுமாம். வரப்பு கரைஞ்சு அடங்கிடுமாம். டேப் தெரிய ஆரம்பிச்சா நிறுத்திடணுமாம்."

"நீ வர வேணாம்னு…"

"சொன்னேன். இப்பவும் மனசுல அதான் இருக்கு. ஆனா பாதிக் கணக்குல பேனாவக் கீழ வைக்கிறது எனக்குப் பிடிக்காது. எழுந்திரிங்க."

நாலு மணிக்கு வீடு துடைத்து முடிந்தது. டீச்சர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, எட்டிய உயரத்துக்கு ஸ்பாஞ்சால் தேய்த்தார். மேலே மாஸ்டர் தேய்த்தார். வாளித் தண்ணீர் பாலாக மாறிக்கொண்டே இருந்தது. தூசி ஒரு துளி பறக்கவில்லை. கை ஓய்ந்தபோது டீச்சர் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்துப் பிடித்தார். நேரே பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நின்றது. "அங்க. இல்ல, ரெண்டு விரக்கட கீழ. அங்கதான்" என்று நோட்டுத் திருத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். மாஸ்டர் கட்டையை எறிந்ததில் விழுந்த குழியையும் அடைத்தார்கள். அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு பெயிண்ட், வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டாவது. ஒன்பது மணிக்குக் கட்டிலை உள்ளே போட்டார்கள்.

பதினோரு மணிக்குச் சரியாக நர்ஸ் வந்தார். ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். செருப்பை வெளியே விட்டு, கையைக் கழுவி, பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்துச் சுவரில் தேய்த்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. கதவைச் சாத்தித் திறந்தார். ஜன்னல் ஓரத்தை விரலால் தடவினார்.

பிறகு நர்ஸ் கட்டிலின் மேல் போர்த்தியிருந்த நீல விரிப்பைக் குனிந்து பார்த்தார். விரிப்பில் ஊசிமுனை ஊசிமுனையாக நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். அண்ணாந்தார்.

"சார், இது என்ன?"

கூரையோரத்தில், கட்டிலுக்கு நேர் மேலே, முடி கனத்தில் ஒரு விரிசல் சுவரின் நீளத்துக்கும் ஓடியிருந்தது.

டீச்சர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். "அந்த ஒரு எடத்துல டேப் போடல" என்றார். "கை வலிச்சுது. யாரும் பாக்கமாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் பாக்காம விட்டாலும் அது உதிரும் சார். இவங்க வயித்தத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற எடம் இது." நர்ஸ் கோபப்படவில்லை, அதுவே இன்னும் மோசமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் பயிற்சிக்கு வர்றவங்க பட்டியல அனுப்பணும். அதுக்குள்ள சரிபண்ணிப் போட்டோ அனுப்புங்க. இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் படியிறங்குவதற்கு முன்பே மாஸ்டர் போர்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "வாளிக் காம்பவுண்ட் நாலு மணிக்குள்ள காயாது" என்றார் போர்டுக்காரர். "பவுடரா விக்கும், தண்ணி ஊத்திக் கலக்கறது. கால் மணியில இறுகிடும். அதக் கேட்டு வாங்குங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க, மாஸ்டர். கொஞ்சம் கொஞ்சமா!"

கடைக்கு ஓடிப்போய், டேப்பும் பவுடரும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மணி பன்னிரண்டே கால். விரிசலைச் சுரண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. பதற்றத்தில் பவுடரை அரைச் சட்டி கலக்கிவிட்டார். ஒரு முழம் பூசி முடிப்பதற்குள் சட்டியில் இருந்தது கல்லாகிவிட்டது. தகடு அதிலேயே சிக்கிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் முக்காலியிலிருந்து இறங்கினார். "முடியலம்மா" என்றார். "என்னால முடியல."

டீச்சர் வேறு கிண்ணத்தை எடுத்தார். மடியில் வைத்து, நாலு கரண்டி பவுடர், இரண்டு கரண்டி தண்ணீர் என்று எண்ணிப் போட்டு, ஒரு குச்சியால் கலக்கினார். "ஒரு பக்கத்துக்கு இது போதும். முடிச்சதும் அடுத்தது கலக்கித் தரேன். ஏறுங்க."

நாற்காலியை முக்காலிக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு அவர் கலக்கிக் கொடுத்தார். மாஸ்டர் வாங்கிப் பூசினார். மடித்த டேப்பை நனைத்து நீட்டினார். மாஸ்டர் மூலையில் வைத்து, முதலில் சுவர்ப்பக்கம் மட்டும் வழித்தார். அது பிடித்துக்கொண்ட பிறகு கூரைப்பக்கம். கண்ணில் விழுந்ததைத் துடைக்கக்கூட நேரமில்லை. ஒரு மணி ஐம்பதுக்கு முழு நீளமும் டேப் ஏறியது. இரண்டரைக்கு மேல் பூச்சு. மூன்றே காலுக்கு ஈர ஸ்பாஞ்சால் ஒரு தடவல். மூன்றரைக்குப் பெயிண்ட். மூன்று நாற்பதுக்கு டீச்சர் போட்டோ எடுத்து அனுப்பினார். கை ஆடியதால் முதல் படம் மங்கல். மறுபடி எடுத்தார்.

பதில் இல்லை. நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. மாஸ்டர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், புருவமெல்லாம் வெள்ளை. டீச்சர் பக்கத்தில் நாற்காலியில், போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"வரலைன்னா?" என்றார் மாஸ்டர்.

டீச்சர் கண்ணைத் திறக்காமலே, "வரலைன்னா நாளைக்குச் சனிக்கிழமை. மெஷினுக்குப் போகணும்" என்றார்.

மாஸ்டர் திரும்பி அவரைப் பார்த்தார். சரியாகக் கேட்டோமா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி கேட்கப் பயமாகவும் இருந்தது.

நாலு நாற்பதுக்குப் போன் அடித்தது. வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி நர்ஸ் மன்னிப்புக் கேட்டார். பட்டியல் போய்விட்டது, டீச்சரின் பெயர் அதில் ஏழாவது. "திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு வந்துடுங்க. சார், அந்த ஓரத்த மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. விரிசல் விட்டா உடனே சொல்லுங்க."

பயிற்சி இரண்டு வாரம் நடந்தது. முதல் வாரம் முழுக்க டீச்சருக்குக் கை நடுங்கியது. இரண்டு தடவை குழாய் முனையைத் தவறித் தொட்டுவிட்டு, எல்லாவற்றையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதன்பின் பழகிவிட்டது. கழுத்துக் குழாயைக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். இது நோயைக் குணப்படுத்துகிற வழி இல்லை, நாளைத் தள்ளுகிற வழிதான் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லித்தான் அனுப்பினார்.

வீட்டில் முதல் தடவை செய்த அன்று, காலை ஏழு மணிக்கு டீச்சர் கையைக் கழுவி, முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போனார். குழாய் மாட்டி முடிக்கும்வரை வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. கதவு சாத்தப்பட்டது. மாஸ்டர் கூடத்தில் நின்றார். பேக்கரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பை ஏதோ மாட்டும் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. அவர் உட்காரவும் இல்லை, நடக்கவும் இல்லை. இருபது நிமிஷம் போனது.

"ஆச்சுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவத் தொறந்துட்டு வாங்க. மெதுவா."